எங்கே என்று கேட்காத வீடு

என் கணவன் ஏறிப்போன படகின் பெயர் எனக்குத் தெரியாது. அது எந்த நாட்டுப் படகு, எந்தத் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது, கடைசியாக அங்கிருந்து எந்தப் பக்கம் போனது, எதுவும் தெரியாது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். இப்படியும் ஒரு பெண்டாட்டி இருப்பாளா என்று நினைக்கிறார்கள் போல. நினைத்துக்கொள்ளட்டும். நான் அக்கறை இல்லாமல் இருந்ததால் தெரியாமல் போகவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு நான் ரொம்பப் பாடுபட்டேன்.

நான் உப்பளத்து வீட்டுப் பெண். மரக்காணத்தில், ஈசிஆர் ரோட்டை ஒட்டி உப்பைக் குவித்து வைத்திருக்கும் பக்கத்தில் பிறந்தவள். அவன் கடலோரக் குப்பத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு, அதனால் அவனை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வராது. கல்யாணம் நாங்களாகச் செய்துகொண்டதுதான். இரண்டு வீட்டாரும் கொஞ்ச காலம் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

உப்பளத்தில் நாங்கள் எல்லாரையும் எல்லாம் கேட்போம். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், எப்போது வருவாய். ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவரைக்கூட விடமாட்டோம். பாண்டிக்கா மெட்ராஸுக்கா என்று தெரிந்துகொண்டால்தான் என் அப்பாவுக்குப் பாத்தியில் கை ஓடும். குப்பத்தில் அது நடக்காது. கடலுக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து யாராவது ‘எங்கே’ என்று கேட்டுவிட்டால், அவன் அன்றைக்குக் கடலில் கால் வைக்கமாட்டான்.

கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது. அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, "எங்க போற, டீ போட்டுட்டேன்" என்று கேட்டுவிட்டேன். திரும்பி வந்தான். வலையை இறக்கி வைத்தான். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தான், பேசாமல் படுத்துவிட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை, காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து மற்ற போட்டுகள் எல்லாம் நெத்திலியை அள்ளிக்கொண்டு வந்தன.

என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் அன்று பக்கத்து வீட்டு மீனை விற்கக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். போகும்போது என்னிடம் நின்று சொன்னார்.

"ஏம்மா, கடலுக்குப் போறவன எங்கன்னு கேக்கக் கூடாது. எங்க, எப்ப, ரெண்டும் உன் வாயில வரக் கூடாது. அவன் வர்றேன்னு சொல்வான். நீ ம்னு சொல்லு. அவ்ளோதான் உன் வேல."

அத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைக் கட்டிவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வருஷக்கணக்கில் பழகிப் பழகி, அந்தக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்தாலும் விழுங்கிவிடுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். குப்பத்துப் பெண்களே அத்தையிடம் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார்கள். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

நான் ஆரோவில்லில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்க்கிறேன். அங்கே தங்க வந்தவர்தான் கேப்டன். அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர், முகம் முழுக்க வெயிலில் வெந்து வெடித்திருக்கும். மத்தியதரைக் கடலில் அவருக்கு ஒரு பழைய மரப் படகு இருந்தது. இரண்டு பாய்மரம் வைத்த படகு. வெயில் காலம் முழுக்க வெளிநாட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு, கரையோரமாகப் பாய் விரித்துப் போய், இடிந்து கிடக்கிற பழங்காலத்து ஊர்களைக் காட்டுவது அவர் தொழில். குளிர் வந்தால் படகைக் கட்டிவிட்டு எங்கள் பக்கம் வந்துவிடுவார். பாய் பிடிக்கத் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

என் கணவனுக்கு அது தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு பாய் கட்டிய கட்டுமரத்தில் போனவன். பிறகு எல்லாரையும்போல ஃபைபர் போட்டுக்கும் இன்ஜினுக்கும் மாறினான், ஆனாலும் பாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவன் முகமே வேறு மாதிரி ஆகிவிடும். கேப்டனை ஒருநாள் குப்பத்துக்குக் கூட்டிவந்தேன். இவனும் கூட்டாளிகளும் போட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு டூரிஸ்ட் ஓடிவந்து, "அண்ணா எங்க போறீங்க, நாங்களும் வரலாமா?" என்று கேட்டான். அவ்வளவு பேரும் போட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். கேப்டன் என்னிடம் விஷயம் கேட்டார், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மற்ற வெள்ளைக்காரர்கள் என்றால் சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. கடலில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் வேண்டும் என்றார்.

விசா வந்தது. போகிற அன்று என் அப்பா வழியனுப்ப வந்திருந்தார். கார் கிளம்பும்போது அப்பா வாயைத் திறந்தார், என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும், அவர் காலை மிதித்தேன். "வர்றேன்" என்று இவன் சொன்னான். "ம்" என்றேன். எந்த நாடு என்று நான் கேட்கவில்லை, விசாவைப் பிரித்தும் பார்க்கவில்லை. படகு கடலில்தானே இருக்கிறது, அதுவும் கடலுக்குப் போவதுதானே. அத்தையும் கேட்கவில்லை. ஊரில் விசாரித்தவர்களுக்கு வெளிநாடு என்று பதில் சொன்னேன்.

அவன் அனுப்பிய முதல் போட்டோவில் வெறும் தூண்கள். கடலைப் பார்த்த ஒரு மேட்டில் வரிசையாக நின்றன, மேலே கூரை இல்லை, சுற்றிலும் ஆளில்லை.

"பிரம்மதேசம் கோயில்ல மேல இருக்கிற கல்ல எல்லாம் கழட்டிட்டா எப்பிடி இருக்கும், அப்பிடி இருக்குது" என்று பேசி அனுப்பியிருந்தான்.

பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. மலைச்சரிவில் அரை வட்டமாகக் கல் படிகள், நடுவில் புல் முளைத்து ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் கூத்து பார்க்கிற இடமாம். கேப்டன் மேல் படியில் உட்கார்ந்துகொண்டு, இவனைக் கீழே நின்று மெல்லப் பேசச் சொன்னாராம். மேலே தெளிவாகக் கேட்டதாம். என்ன பேசினாய் என்றேன். "உன் பேரச் சொன்னேன்" என்றான். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

போட்டோவை எல்லாம் அத்தைக்குக் காட்டுவேன். அவர் போனைக் கை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்ப்பார்.

"இன்னாம்மா இது, ஒரு வீட்டுக்குக்கூட கூரை இல்ல. ஆளும் இல்ல. இவன் ஏன் செத்த ஊரா பாத்துப் பாத்துப் போறான்?"

"அதுதான் அத்தே வேல. அதப் பாக்கத்தான் ஜனங்க வர்றாங்க."

"தண்ணி வந்து எடுத்துக்கினு போன மாதிரி இருக்குது" என்றார். சுனாமிக்கு மறுநாள் குப்பத்தைப் பார்த்தவர் அவர். அதற்கப்புறம் கட்டிக் கொடுத்த காங்கிரீட் வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு போட்டோவிலும் நானும் ஆள் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன்.

ஒருமுறை சிரித்துக்கொண்டே ஒரு செய்தி அனுப்பினான். கேப்டன் படகில் ஏறுகிற எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவாராம்: கிளம்புகிற நேரத்தில் என் ஆளிடம் எங்கே போகிறோம் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு ஒரு அம்மாள் மறந்துபோய்க் கேட்டுவிட்டார்.

"கயித்த விட்டுட்டு ஒக்காந்துட்டேன். கேப்டன் என்னப் பாத்தார். ஒண்ணும் சொல்லல. பாய இறக்கிட்டார். நாளு பூரா துறைமுகத்துலயே கிடந்தோம், எல்லாரும் மீன் சுட்டுத் தின்னாங்க. இங்க அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அலை பெருசா இருக்குதுன்னா கேக்க மாட்டாரு, பாய் கிழிஞ்சிருக்குதுன்னா கேக்க மாட்டாரு. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அடங்கிடறாரு."

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. பாய் எப்போது கிழிந்தது என்று கேட்டார். அது எனக்குத் தெரியவில்லை.

புரட்டாசி பிறந்ததும் போட்டோக்கள் மாறின. தண்ணீருக்குள் இறங்கிப்போகிற கல் படிக்கட்டு ஒன்று. மேலே பாதி வீடு, படி மட்டும் கடலுக்குள் போய் அடியில் பச்சையாகத் தெரிந்தது. ஒரு ஊரே பூமி அதிர்ந்து அப்படியே இறங்கிவிட்டதாம். இன்னொன்றில் கரையை விட்டுத் தள்ளி, தண்ணீரின் நடுவில் ஒரு கல் பெட்டி நின்றது. கூரை வைத்த சின்ன வீடு மாதிரி மூடி.

"இன்னான்னு கேட்டேன். பொணத்த வெச்ச பெட்டின்றாரு. நம்ம படகு அதும் பக்கத்துலதான் நிக்குது. காத்து அடிச்சா படகு திரும்பித் திரும்பி அதுக்கிட்டயே போவுது. காலால தள்ளி விட்டுக்கினு இருக்கேன்."

குரலில் சிரிப்பு இருந்தது, ஆனால் அது எனக்காக வரவழைத்துக்கொண்ட சிரிப்பு. அத்தைக்கு அந்தப் போட்டோவைக் காட்டவில்லை. கல் பெட்டியோரம் அவன் கால் மட்டும் தெரிந்தது. அதை அழித்தும் விட்டேன்.

இன்ஜின் உட்கார்ந்துவிட்டது என்றான். சீசன் முடிந்து டூரிஸ்டுகள் இறங்கிப் போய்விட்டார்கள் என்றான். சமையலுக்கு இருந்த ஆளும் தன் ஊருக்குப் போய்விட்டானாம். துறைமுகத்தில் மற்ற படகுகளை எல்லாம் மேலே இழுத்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். கேப்டன் மட்டும் மூடவில்லை.

எங்கள் கரையிலும் அப்போது மூடுகிற காலம். வடகிழக்கில் கருத்துக்கொண்டு வந்தது. அப்பா வீட்டில் உப்புக் குவியல்களின் மேல் பனையோலை பரப்பிக் கயிறு இழுத்துக் கட்டினார்கள், நானும் ஒருநாள் போய்க் கைகொடுத்துவிட்டு வந்தேன். பாண்டி துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். குப்பத்தில் போட்டுகளை ரோடு வரைக்கும் தள்ளி வைத்தார்கள், கடல் இரைகிற சத்தத்தில் வீட்டுக்குள் பேசுவதே கேட்கவில்லை. அத்தை வாசலிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது வேற கடல் அத்தே. அங்க இந்த மாதிரி இருக்காது" என்றேன்.

"கடல்ல வேற கடல் ஏது?" என்றார்.

அதற்குப் பிறகு அவன் குரல் சுருங்கிவிட்டது. ஒரு செய்தியில் படகில் கேப்டன் அறையின் சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். பழுப்பேறிய ஒரு படம் ஒட்டியிருந்தது. கடலோரம் தூண்கள், சில தூண்கள் தண்ணீருக்குள்ளேயே நின்றன.

"இதப் பாத்துக்கினே இருக்காரு. பாக்கி எல்லாத்தையும் பாத்துட்டாராம். சின்ன வயசுலேர்ந்து இது ஒண்ணுதான் பாக்கியாம். ஆளுங்க இருந்தா கூட்டிக்கினு போவ முடியாது, இப்ப நாம ரெண்டு பேர்தானேன்றாரு. வயசாயிடுச்சாம், அடுத்த வருஷம் படகு தாங்காதாம்."

அவ்வளவு சொன்னவன் அது எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லமாட்டான், அவனும் குப்பத்தில் வளர்ந்தவன். போகிற இடத்தைத் தன் வாயால் சொல்லக் கூடாது. அதைச் சொல்ல வைக்க வேண்டும் என்றால் யாராவது கேட்க வேண்டும். "பத்திரம்" என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

கடைசியாக அவன் கூப்பிட்டது ஒரு மத்தியான நேரம். கெஸ்ட் ஹவுஸ் பின்பக்கம் முந்திரி மரத்தடியில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். வீடியோவில் வந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. அவனுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்ட படகுகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு கயிறு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

"பொறப்படறோம்" என்றான்.

"ம்."

"கேப்டன் ரெடியாயிட்டாரு. காத்து திரும்பிட்டுதாம்."

"சரி. பத்திரமா வா."

அவன் போனை வைக்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றினான், மறுபடி போட்டான்.

"வேற இன்னா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. நீதான் சொல்லணும்."

"நீ ஒண்ணும் கேக்கலியே."

"இன்னா கேக்கணும்?"

"ஏதாச்சும். எப்பவும் வாய் ஓயாதே உனக்கு."

"சாப்டியா?"

அவன் சிரித்தான். "சாப்டேன். அவ்ளோதானா?"

‘எங்கே’ என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இவ்வளவு நாள் கட்டிக்காத்த வாய், அவன் கடலில் இறங்குகிற நேரத்திலா அவிழ வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்காக இல்லை, அவனுக்காகத்தான். "அவ்ளோதான். போய்ட்டு வா" என்றேன். பின்னால் கேப்டன் கூப்பிடுகிற குரல் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தான். கயிறு அடிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்து "கேக்குதா, கேக்குதா" என்றேன்.

"கேக்குது" என்றான். "வர்றேன்" என்றான். படத்தில் கொஞ்ச நேரம் வானம் தெரிந்தது, பிறகு அதுவும் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கடலில் சிக்னல் இருக்காது என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மழை வந்தது, நின்றது. நான் அனுப்பியவை எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன. அத்தை ஒன்றும் கேட்கவில்லை. காலையில் என் முகத்தைப் பார்ப்பார், கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அரசாங்க ஆபீஸ் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"படகு பேர் இன்னாம்மா?"

"தெரியாதுங்க."

"எந்த நாட்டுல பதிஞ்ச படகு?"

"தெரியாதுங்க."

"எந்தத் துறைமுகத்துலேர்ந்து கிளம்பிச்சு? எங்க போறதா சொன்னாரு?"

நான் தலை குனிந்துகொண்டேன். அவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். "போறப்ப எங்க போறன்னு கேக்கலியாம்மா நீ?" என்றார். அதட்டிக் கேட்கவில்லை. அதட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பிறகு கெஸ்ட் ஹவுஸ் மேடத்திடம் போனைக் கொடுத்தேன். அவர் வயதானவர், எங்களோடு இருந்து இருந்து நன்றாகத் தமிழ் பேசுவார், அந்தப் பழைய ஊர்களைப் பற்றிப் படித்தவர். ஒவ்வொரு போட்டோவாக நகர்த்தினார். "இது துருக்கி. இது கிரேக்கத் தீவு. இதுவும் துருக்கி, தெற்குப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் கண் முன்னாலேயே அவன் போன வழி முழுக்க ஒரே மத்தியானத்தில் கிடைத்தது. கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பானே என்று அப்போதே மனசு அடித்துக்கொண்டது.

இந்த ஊர்களிலிருந்து கப்பல்கள் உங்கள் மரக்காணத்துக்குக்கூட வந்திருக்கும், பாண்டிக்குப் பக்கத்தில் அவர்களுடைய பானைத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன என்று ஆறுதலாகச் சொன்னார்.

"வந்தவங்க எல்லாரும் திரும்பி வீட்டுக்குப் போய்ச் சேந்தாங்களா மேடம்?" என்றேன்.

அவர் அடுத்த போட்டோவை நகர்த்தினார். சுவரில் ஒட்டிய அந்தப் பழுப்புப் படம் வந்தபோது அவர் விரல் நின்றுவிட்டது.

"இது ஆப்பிரிக்கக் கரை மாதிரி இருக்கிறது. அங்கே இப்போது சண்டை. இந்தக் காலத்தில், அந்தக் காற்றில், இன்ஜின் இல்லாமல்..." என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் தெரிந்த இடத்துக்கெல்லாம் எழுதிப் பார்த்தார். கேப்டனுக்கு ஒரு தங்கை இருந்தார், அவருக்கும் தகவல் இல்லை; அண்ணனோடு பேசி வருஷக்கணக்காகிறதாம், படகின் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கரையில் அப்படி ஒரு படகு வரவில்லை என்று ஒரு பதில் வந்தது. வராதது நல்லதா கெட்டதா என்று நான் மேடத்திடம் கேட்கவில்லை.

உப்பளத்தில் ஓலையைப் பிரித்து, பாத்திகளில் புதுத் தண்ணீர் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அன்று சாயங்காலம் அத்தை மீன் விற்றுவிட்டு வந்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் எதிரில் உட்கார்ந்தார்.

"கடைசியா இன்னா பேசினான்?"

அதுவரைக்கும் அவர் கேட்டதில்லை. ஒரு சொல் விடாமல் சொன்னேன். பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டதைச் சொன்னேன். நீ ஒன்றும் கேட்கவில்லையே என்றதைச் சொன்னேன். அவ்வளவுதானா என்றதைச் சொன்னேன். கேள்வி வாய் வரைக்கும் வந்தும் கேட்காமல் அடக்கிக்கொண்டதையும் சொன்னேன். இத்தனை காலத்தில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றாவது இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அத்தையின் முகம் வெளுத்துப்போயிற்று.

"போன வெக்காம நின்னானா?"

"ஆமா அத்தே."

"கேக்கச் சொல்லித்தாம்மா நின்னிருக்கான்."

எனக்கு விளங்கவில்லை. அத்தை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உங்க மாமாவ நான் ரெண்டு தடவ கேட்டிருக்கேன். வேணும்னேதான் கேட்டேன். கடல் கெட்டுக் கிடக்கும், கூட்டாளிங்க போலாம்பானுங்க. இவரு மாட்டேன்னு சொல்ல முடியுமா, பயந்தாங்கொள்ளின்னுடுவானுங்க. வாசல்ல நின்னுக்கினு தலப்பாவ அவுத்து அவுத்துக் கட்டுவாரு. வர்றேன்னு சொல்வாரு, போவ மாட்டாரு. அப்ப தெரிஞ்சிக்கணும். எங்க போறன்னு சத்தமா கேட்டுட்டு அடுப்பாண்ட போய் ஒக்காந்துப்பேன். ஊரே என்னத் திட்டும். அவரும் வலைய இறக்கி வெச்சிட்டுத் திட்டுவாரு."

என் மாமனார் கடலில் சாகவில்லை. மஞ்சள் காமாலையில், இதே வீட்டில், கட்டிலில் செத்தார்.

"இங்க இருக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார் அத்தை. "யாரும் வாயால சொல்லித் தர்றதில்ல. பொறந்ததுலேர்ந்து பாத்துத் தெரிஞ்சிக்கிறது. நீ வெளியேர்ந்து வந்தவ. உனக்குக் கேக்காதன்னு மட்டும் சொல்லி வெச்சிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. எழுந்து அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கேப்டன் அடங்குகிற ஒரே வார்த்தை அது. படகில் அதைக் கேட்க ஒரு டூரிஸ்ட்கூட மிச்சமில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து நான் ஒருத்தி கேட்டிருந்தால் போதும், அவன் கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான், என் பெண்டாட்டி கேட்டுவிட்டாள் என்று சொல்லியிருப்பான். அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறான். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். தப்பு சொல்லிக் கொடுத்தது இந்தக் கிழவி என்று கத்த வாயைத் திறந்தேன். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. எனக்குக் கோபம் மிச்சமிருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கடல் அன்று அமைதியாகத்தான் இருந்தது.

"அந்தப் போன எடு" என்றார் அத்தை.

எடுத்தேன்.

"அதுல அமுக்கிப் பேசினா அவனுக்குப் போவுமில்ல?"

"போகும் அத்தே."

அவன் பெயரைத் திறந்து, பொத்தானை அழுத்திப் பிடித்து அவர் வாயருகே நீட்டினேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றார். கரையில் தூரத்தில் போகிற ஆளைக் கூப்பிடுகிற குரல் அவருக்கு உண்டு, அந்தக் குரலில் கேட்டார்.

"டேய். எங்கடா போற?"

பக்கத்து வீட்டில் பேச்சு நின்றது. ஒருத்தி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். நான் விரலை எடுத்தேன். செய்தி போய் முன்னைப் போலவே ஒற்றை டிக்கோடு நின்றது.

"போய்டுச்சா?"

"போய்டுச்சு" என்றேன்.

"நீயும் கேளு. பொண்டாட்டி கேட்டாத்தான் நிப்பான்."

பொத்தானை அழுத்தினேன். எங்கடா போற என்று கேட்டேன். பாதிதான் வந்தது. அத்தை இன்னொரு தடவை சத்தமாகக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.